ஓர் ஆணிக்கு ஒன்பது கடிகாரம்

புது வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஏன் கடிகாரமே வாங்கி வருகிறார்கள்? யாருடைய சட்டையையாவது பிடித்து இதைக் கேட்க வேண்டும் என்று நெடுநாளாக எனக்கு ஆத்திரம். கோவில்பட்டியில் அடுக்குமாடியில் ஒரு சின்ன வீடு வாங்கி நாங்கள் பால் காய்ச்சிய அன்று வந்து சேர்ந்தவை ஒன்பது சுவர்க் கடிகாரங்கள். வீட்டில் இருப்பதோ நானும் மனைவியும். ஆளுக்கு நாலரை.

அதுவும் சும்மா கடிகாரமா? முள் சுற்றுகிற இடத்தில் கொடுத்தவர் பெயர், அவர் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், ஊர், எல்லாம் பொன்னிற எழுத்தில். மணி பார்க்கத்தான் கண்ணாடி போட வேண்டும். கொடுத்தவர் யார் என்பது மாடிப்படியில் வரும்போதே தெரிந்துவிடும்.

ஹாலுக்கு நான்கு சுவர் என்று பேர். ஒன்றை வாசல் தின்றது, ஒன்றை ஜன்னல் தின்றது, இன்னொன்று சமையலறைக்குத் திறந்துகொண்டது. மிச்சம் ஒன்று. அதற்கும் கொத்தனார் நிபந்தனை போட்டார்.

"கரிசல் மண்ணு மேல நிக்குத வீடு அண்ணாச்சி. ரெண்டு மழ போவட்டும். அதுக்குள்ள கண்ட எடத்துல ஆணி அடிச்சீயன்னா பூச்சு விரிசல் விட்டுரும்."

சொல்லிவிட்டுச் சுவரின் நடுவில் அவர் கையாலேயே ஒரே ஓர் ஆணி வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தச் சுவரை என் மனைவி கேட்டு வாங்கிக்கொண்டாள். வாடகை வீடுகளில் காலண்டர் மாட்டவே அனுமதி கேட்டு வாழ்ந்தவள். காசு அதிகம் செலவழிக்காமல் வீட்டை அழகாக்கிக் காட்டுகிறேன் என்று இறங்கினாள். சாயம் போன பட்டுச்சேலை ஜன்னல் திரையானது. கட்டட வேலையில் மிஞ்சிய பலகைகள் செருப்பு அடுக்காயின. எண்ணெய் டின்களுக்குப் பெயின்ட் அடித்துக் கற்றாழை நட்டாள். சுவருக்கு மட்டும் அவசரப்படவில்லை. பழைய பேப்பர் கடையில், தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கும்போது வீணாய்ப் போன தாள்கள் கிடைத்தன. தாள் முழுக்க வரிசை வரிசையாகக் கிளிகள். சிவப்பு மை நகர்ந்து விழுந்ததில் அத்தனை கிளிக்கும் மூக்கு வாலில் இருந்தது. மைதாப் பசை காய்ச்சி, தாளைப் பலகையில் ஒட்டி, ஓரத்துக்குச் சணல் கயிறு சுற்றி, அந்த ஆணியில் மாட்டினாள். பிறகு எதிரே தரையில் உட்கார்ந்து, அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம்தான் அக்கிரமம் ஆரம்பித்தது. வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரும் தண்ணீர்ச் செம்பை வாங்குமுன் சுவரைத்தான் பார்த்தார். "நம்ம கடியாரத்த எங்கன மாட்டியிருக்கீய?" வீட்டைப் பார்க்க வந்தார்களா, கடிகாரத்துக்கு வருகைப் பதிவு எடுக்க வந்தார்களா?

நியாயமாக நான் அதை அவர்களிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் வீரம் சொந்தக்காரர்கள் படியிறங்கிய பிறகுதான் தலைகாட்டும். அதனால் ஒரு திட்டம் தீட்டினேன். ஒன்பது கடிகாரமும் கட்டிலுக்கு அடியில். யாராவது போன் செய்து "வாரோம்" என்றால் கிளிகளை இறக்கிவிட்டு அவரவர் கடிகாரத்தை ஏற்றுவேன். அவர்கள் போனதும் மறுபடி கிளி.

"ஒரு ஆணிக்கு ஒம்பது மாப்பிள்ளையாங்க?" என்றாள் மனைவி. முதலில் சிரித்தாள். ஏழாவது தடவை இறக்கும்போது என் கை பட்டு ஓரத்துக் கிளிகள் நான்கு உரிந்து வந்தன. அன்றைக்குச் சிரிக்கவில்லை. பசை காய்ச்சி ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு வாட்டி எறக்குனீயன்னா நான் திரும்ப மாட்ட மாட்டேன். பேப்பர் கடைக்கே போட்டுருவேன்." அவள் சொன்னால் செய்வாள்.

நானும் ஒன்றும் யோக்கியன் இல்லை. கடம்பூரில் அக்கா வீடு கட்டியபோது கடையிலேயே பெரிய கடிகாரமாகப் பார்த்து, எண்களைவிடப் பெரிதாக என் பெயரைப் போட்டுக் கொடுத்தவன் நான்தான். அங்கே போனால் என் கண்ணும் முதலில் சுவருக்குத்தான் போகும். மாட்டியிருக்கும். ஆனால் எந்நேரம் போனாலும் பத்து மணி பத்து நிமிஷம். "ஒரு பேட்டரி வாங்கிப் போடப்படாதா அத்தான்?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் போன் செய்யாமல், போளிப் பொட்டலத்தோடு வந்து நின்றார்கள். ஆணியில் கிளிகள். அத்தானின் கண் சுவரை ஒரு சுற்று சுற்றியது.

"எங்க கடியாரம் எங்க மாப்ள?"

மனைவி என்னைப் பார்த்தாள். "ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன் அத்தான்," என்றேன். "நாளைக்கு வந்துரும்."

அத்தான் தந்தது மணிக்கு மணி குருவி கத்துகிற கடிகாரம். மற்ற எட்டிலும் பேட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டுக்கும் டார்ச்சுக்கும் போட்ட புத்திசாலி, குருவிச் சத்தம் காதுக்குப் பழகிப்போனதில் அதில் மட்டும் கழற்ற மறந்திருந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து குருவி கூவத் தொடங்கியது. மணி பதினொன்று. பதினோரு தடவையும் கூவி முடிக்கிற வரைக்கும் நாங்கள் நான்கு பேரும் அசையவில்லை.

"நல்லாத்தான் ரிப்பேர் பாத்திருக்கான்," என்றார் அத்தான்.

அக்காதான் முதலில் சிரித்தாள். "ஏலே, ஒன் கடியாரமும் எங்க பரணுலதான் கெடக்கு. நீ வாரேன்னு போன் பண்ணுனாத்தான் இவிய ஏணி வச்சு எறக்குவாவ."

"ஏட்டி, சும்மா இரி," என்றார் அத்தான், கிளிகளைப் பார்த்தபடி.

என் காது சிவந்துவிட்டது. என் பெயர் போட்ட கடிகாரம் பரணிலா? இத்தனை வருஷம் பேட்டரியைப் பற்றி நான் சொன்ன அறிவுரையெல்லாம்? "அதெப்படி அத்தான் நீங்க அப்படிச் செய்யலாம்?" என்று கேட்டே விட்டேன். கட்டிலுக்கு அடியில் ஒன்பதை வைத்துக்கொண்டு கேட்டேன்.

அக்கா எழுந்து சுவரருகே போய் ஒரு கிளியின் வாலைத் தடவிப் பார்த்தாள்.

"இது யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல மதினி. பேரு போடாத சாமான் இந்த வீட்டுல இது ஒண்ணுதான்."

"இன்னொன்னு செஞ்சு தாட்டி. அங்க ஒரு ஆணி சும்மாதான் கெடக்கு."

அந்த ஆணி எது என்று எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம் எங்கள் சுவரில் கிளிகள் இறங்கவில்லை. யார் வந்து கேட்டாலும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று மனைவியே சொல்லிவிடுகிறாள். இரண்டாவது பலகையைக் கடம்பூர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனதும், ஏணியில் ஏறி என் கடிகாரம் தொங்க வேண்டிய ஆணியில் மாட்டியதும் நான்தான். கீழே நின்ற அத்தான், கோணலாக இருக்கிறது என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.