நாலரை மணிக்கு நின்றுபோன சர்வர்

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் நேரம்தான் முதலில் எனக்கு உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கீபோர்டைத் தள்ளிவைப்பார், கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கீழே டீக்கடைக்கு இறங்கிவிடுவார். அவர் படியிறங்கியதும் கேம் சர்வர் நின்றுவிடும். பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டி பாதியில் அறுந்து, பையன்கள் "அய்யோ, போயி!" என்று கத்துவார்கள். கால் மணி நேரத்தில் சர்வர் தானாக எழும். ஆட்டம் போனது போனதுதான்.

சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக்கடையின் மாடியில் இருந்தது அந்த கேம் சென்டர். இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. சர்வரில் லினக்ஸ் போட்டு நிறுவியவன் நான். அதைப் பராமரிக்க வந்தவர் அவர். வலியசாலைக்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர் சம்பளத்தில்தான் வீடு நடந்தது, மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

விளையாட்டுக்கு அடிக்கடி அப்டேட் வரும். சர்வரை நிறுத்தி, புதியதை இறக்கி, மறுபடி ஓடவிட வேண்டும். அது வாரம் ஒருமுறை தானாக நடக்கும்படி அண்ணா செய்துவைத்திருந்தார். ஞாயிறு காலை பதினொரு மணிக்கு. அன்று கடை திறப்பதே பன்னிரண்டுக்கு என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

அப்படியென்றால் நாலரைக்கு நிறுத்துவது யார்? கேட்டால், "ராகு காலம்டா. இப்போ மெஷின்ல கையை வெக்கப்டாது. ஆறு மணிக்கு மேல பாக்கறேன்" என்பார். ஆறு மணிக்கு சர்வர் சமர்த்தாக ஓடிக்கொண்டிருக்கும். பிறகு பார்க்க என்ன இருக்கிறது! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சர்வர் தான் செய்வதையெல்லாம் நேரத்தோடு குறித்துவைக்கும் லாகைத் திறந்து பார்த்தேன். பதினொரு மணிக்கு அப்டேட் நடந்த வரி ஒழுங்காக இருந்தது. நாலரை மணிக்கு ஒன்றுமே இல்லை. ஆக, நிறுத்திவிட்டு வரியையும் அழித்திருக்கிறார்! கிழக்கேகோட்டையில் எங்களுக்குப் போட்டியாகப் புதிதாக ஒரு சென்டர் திறந்திருந்தார்கள். அங்கே அண்ணாவைப் பார்த்ததாக ஒருவன் சொன்னான். எனக்கு அவ்வளவு போதாதா?

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழித்த வரி, டீக்கடை, கிழக்கேகோட்டை, ஒன்றையும் விடவில்லை. "எடே, நீ பறயுறது ஒறப்புதானா?" என்று தன் மலையாளம் கலந்த தமிழில் ஒருமுறை கேட்டார். உறுதிதான் என்றேன். மறுநாளே அண்ணாவை நிறுத்திவிட்டார்கள். "நான் ஒண்ணுமே பண்ணலையேடா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார், பாவம். அதையும் நான் நடிப்பு என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு அண்ணா இல்லை. நாலரைக்கு சர்வர் நின்றது.

சர்வரிடம் மணி என்ன என்று கேட்டேன். பதினொன்று என்றது! நிறுவும்போது எந்த ஊர் நேரம் என்று அது கேட்டிருக்கிறது. நான் படிக்காமல் என்டரைத் தட்டியிருக்கிறேன். அது லண்டன் பக்கத்து நேரத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. லாகில் நான் பார்த்த பதினொரு மணி நம்முடைய நாலரைதான். யாரும் எதையும் அழிக்கவில்லை. ராகு காலம் என்று அவர் ஒதுங்காமல் ஒரே ஒரு ஞாயிறு திரைமுன் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பார். இரண்டு வரியில் நேரத்தைத் திருத்தினேன்.

மறுநாள் மாலை வலியசாலைக்குப் போனேன். என் தப்புதான் என்று அண்ணாவிடம் ஒப்புக்கொண்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"மொதலாளிகிட்ட சொல்லிட்டயோன்னோ?"

"சொல்லிட்டேன் அண்ணா."

சொல்லவில்லை. சே, அந்தப் பொய் எப்படித்தான் வாயில் வந்ததோ! அவர் உள்ளே திரும்பி, "கேட்டயா, எல்லாம் சரியாயிடுத்து" என்று மனைவியிடம் சொன்னார்.

இன்று எனக்குக் கீழே எத்தனையோ சர்வர்கள் ஓடுகின்றன. ஏதாவது நின்றுபோனால், ஆளைச் சந்தேகப்படாதே, முதலில் கடிகாரத்தைப் பார் என்கிறேன் என்னோடு வேலை செய்பவர்களிடம். நல்ல மனுஷன் என்கிறார்கள்.

அன்று நான் அந்தப் பொய்யைச் சொன்ன மறுநாள் காலை அண்ணா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். முதலாளியின் மேசைக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நின்று, சர்வரின் நேரம் தப்பாக இருந்ததைப் பற்றிச் சொன்னார். முதலாளி ஒன்றும் விளங்காமல் என் பக்கம் திரும்பினார்.

"எடே, இயாளு என்னமோ பறயுறாரே. நினக்கு வல்லதும் தெரியுமா?"

அண்ணாவும் என்னைப் பார்த்தார்.

"தெரியாது முதலாளி" என்றேன்.