லாரி கேபினுக்குள் பூட்ஸ்: கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்கு ஒரு தீப்பெட்டி லோடு

லாரிக்கு கேபின் வடிவமைக்கும் நிறுவனம் ஒன்றில் மூன்று வருடமாக இருக்கிறேன். கேபின் சூட்டைக் குறைப்பது எப்படி என்று ஏசி அறையில் உட்கார்ந்து படம் வரைவதுதான் வேலை. ஒரு லாரியில்கூடச் சேர்ந்தாற்போல் முப்பது கிலோமீட்டர் போனதில்லை. அலுவலகத்தில் வேறு யாரும் போனதில்லை. யாருக்கும் அது உறுத்தவும் இல்லை. எனக்கு உறுத்தியது. ஐப்பசியில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு, வெப்பமானியும் இரைச்சல் அளக்கும் கருவியுமாகக் கோவில்பட்டிக்கு ரயில் ஏறினேன்.

அங்கிருந்து எட்டயபுரம், எப்போதும்வென்றான் வழியாகத் தூத்துக்குடிக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். எங்களுக்கு நான்கு மணி நேரம் ஆனது. ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

ரயில் நிலையத்துக்கு வெளியே நான்கு இட்லி, ஒரு வடை, காபி, எழுபது ரூபாய். கடலைமிட்டாய் வாங்குவதாக இருந்தால் திரும்பும்போது வாங்குங்கள். கேபின் சூட்டில் பாகு இளகி ஒரே கட்டியாகிவிடும். என்னுடையது ஆனது.

நண்பர் மூலம் ஏற்பாடான டிரைவர் முத்துராஜ். பசுவந்தனைக்காரர், ஐம்பதை நெருங்குபவர், மாதத்தில் பாதி நாள் வண்டியிலேயே குடியிருப்பவர். லோடு ஏறி முடிந்ததும் முதல் வேலையாக நிலைமையைச் சொல்லிவிட்டார்.

“நாலு மணிக்குள்ள தூத்துக்குடி கிட்டங்கியில எறக்கணும் தம்பி. கப்பலுக்குப் போற சரக்கு. போன மாசமே ரெண்டு தடவ பிந்திட்டேன். இன்னொரு தடவன்னா சாவிய வச்சிட்டுப் போன்னு மொதலாளி சொல்லிட்டாவ.”

ஏறப் போன என்னை நிறுத்தினார். “ஷூவ அங்கன கழட்டுங்க.” படிக்குப் பக்கத்தில் கம்பி கட்டித் தொங்கிய பெயிண்ட் டப்பாவில் அவர் செருப்பு கிடந்தது. தீப்பெட்டிக் கிட்டங்கிக்குள், அதாவது குடோனுக்குள், உரசித் தீப்பிடிக்கும் என்று யாரும் செருப்போடு நுழைவதில்லை. அங்கே லோடு ஏற்றும் டிரைவர்களுக்கும் அது தொற்றிக்கொள்கிறது. கண்ணாடிக்கு மேல் முருகன் படம் இருந்ததால், சாமிக்காகவா என்று கேட்டேன்.

“சாமி மேலதான இருக்காரு. நான்லா கீழ படுக்கேன். சோறும் அங்கனதான்.”

கிளம்பும்போது மணி 12:40. வெளியே 33 டிகிரி, கேபினுக்குள் 41, இன்ஜின் மூடிமேல் 58. இரைச்சல் 86 டெசிபல். எங்கள் வரைபடத்தில் இருக்கும் எண்களோடு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை. புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளுக்கு கேபின் ஏசி கட்டாயம் என்று விதி வந்துவிட்டது. பழைய வண்டிக்கு ஜன்னல்தான்.

இரண்டு நாள் முன்பு மழை பெய்திருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் உளுந்தும் மக்காச்சோளமும் முளைவிட்ட கரிசல், நடுவில் காற்றாலைகள். மழை பெய்த கரிசலில் இறங்காதீர்கள். சிறுநீர் கழிக்க இறங்கிய நான், ஒவ்வொரு காலிலும் ஒரு மண்வட்டோடு திரும்பி வந்து, அதைக் குச்சியால் சுரண்டிய பிறகுதான் ஏற அனுமதிக்கப்பட்டேன். அதில் பத்து நிமிடம் போனது.

எப்போதும்வென்றானைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் வாகனச் சோதனை. மணி 1:55. மோட்டார் வாகன ஆய்வாளர் சீருடையில் இருந்தார். என் வயதுதான் இருக்கும். முத்துராஜ் ஓடிப்போய், அவர் கேட்கும் முன்பே அசல் லைசென்ஸை நீட்டினார். செல்போனில் அரசுச் செயலியில் காட்டினாலே செல்லும். அது அவருக்கும் தெரியும். “போன நீட்டுனா, ‘படம் காட்டுதியாலே’ம்பாவ” என்று முன்பே சொல்லியிருந்தார்.

காகிதங்கள் சரி. தீயணைப்பான் சரி. என்னைப் பார்த்து, காசு கொடுத்து வருகிறாயா என்றார் ஆய்வாளர். இல்லை என்றேன். ஆர்.சி.யில் மூன்று பேர் உட்கார இடம் இருப்பதைப் பார்த்து விட்டுவிட்டார். பிறகுதான் கேபினுக்குள் பார்க்க வேண்டும் என்றார். தீப்பெட்டி லோடு வண்டிகளில் சிலர் கேஸ் அடுப்பு வைத்துச் சமைப்பதாகப் புகாராம். நியாயமான காரணம். ஆனால் அவருடைய ஜீப் நின்றது சாலையோரக் கரிசலில். அவர் பூட்ஸ் ஒவ்வொன்றும் அரைக் கிலோ மண் சுமந்திருந்தது. ஒன்றைத் தூக்கிப் படியில் வைத்தார்.

“சார், பூட்ஸ கழட்டிட்டு ஏறுங்க,” என்றார் முத்துராஜ்.

“என்னது?”

“கரிசமண்ணு மெத்தையில பட்டா போவாது சார். இல்லன்னா கீழ நில்லுங்க, ஒண்ணொண்ணா எடுத்துக் காட்டுதேன்.”

“கழட்டிட்டு ஏற இது என்ன கோயிலா?”

“வீடு சார்.”

ஆய்வாளர் காலை இறக்கினார். லைசென்ஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சோதனைக்கு விட மறுத்ததால் ஆபீசில் வந்து வாங்கிக்கொள் என்றார்.

சட்டப்படி உள்ளே பார்க்க அவருக்கு அதிகாரம் உண்டு. பூட்ஸைப் பற்றி விதி எதுவும் கிடையாது. ஆனால் லைசென்ஸை எடுத்து வைத்தால் ஒப்புகைச் சீட்டு எழுதித் தர வேண்டும். அதைச் சொன்னேன்.

“நீ வக்கீலா?”

“இன்ஜினியர்.”

“அப்ப இன்ஜினைப் போய்ப் பாரு.” ஜீப் டிரைவர் சிரித்தார்.

முத்துராஜைத் தள்ளிக்கொண்டு போய், மணி இரண்டேகால், ஏற விட்டுவிடுங்கள், மெத்தையைத் துடைத்துக்கொள்ளலாம் என்றேன்.

“ஒங்க வீட்டுக்குள்ள இப்படி வந்தா தொடச்சிக்கிடுவீயளோ?”

“வந்தவர் ஆபீசர்னா தொடச்சிக்குவேன்.”

“அப்ப ஒங்களுக்கு ரெண்டு ரூம் இருக்கும்.”

சொல்லிவிட்டுப் போய்த் தார்ப்பாயை எடுத்துச் சாலையோரம் விரித்தார். கேபினில் இருந்ததை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார். மெத்தை, தலையணை, இரண்டு கைலி, தூக்குவாளி, ஊறுகாய் பாட்டில், சவரக் கண்ணாடி, மகள் கல்யாண போட்டோ, டிரைவர் சீட்டில் மடித்துப் போட்டிருந்த கனத்த போர்வை. முருகனைக் கீழே வைக்காமல் என் கையில் கொடுத்தார். எதிரே வந்த மினி பஸ் மெதுவானது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

“என்ன அண்ணாச்சி, வீடு மாத்துதீயளா?”

“ஆமாலே, வாடகைய கூட்டிட்டாவ.”

பிறகு ஆய்வாளரிடம் திரும்பினார். “இப்ப வெறுந்தகரம் சார். ஏறிக்கிடுங்க.”

ஆய்வாளர் தார்ப்பாயைப் பார்த்தார். பிறகு ஏறினார், பூட்ஸோடுதான். அடுப்பு இல்லை. ஆனால் போர்வை போனதும் டிரைவர் சீட் தெரிந்தது. நான்கு போல்ட்டில் மூன்று இல்லை. சீட்டின் இரும்புச் சட்டகத்தை நைலான் கயிற்றால் தரையோடு கட்டியிருந்தது. உட்காரும் இடத்தில் ஸ்பிரிங் வெளியே வந்திருந்தது. முத்துராஜ் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்வதை வழியெல்லாம் பார்த்தேன். அவர் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

“இதுல எப்படி ஓட்டுற?”

“போர்வைய மடிச்சிப் போட்டுக்கிடுவேன் சார்.”

ஆய்வாளர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். சீட் குறைபாட்டை முதலாளி பேரில் எழுதினார், சரிசெய்து கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று.

“அத எழுதாதீங்க சார். நான் சொல்லிக்குடுத்தேன்னு நெனப்பாவ.”

“பாத்துட்டேன்ல” என்றார் ஆய்வாளர். குரலில் கோபம் இல்லை. எழுதியது சரிதான்.

கேபினைக் கழுவி, வீட்டை மறுபடி ஏற்றிக் கிளம்பும்போது மணி 3:25. வழியில் ரயில்வே கேட் வேறு. 4:40க்குச் சேர்ந்தோம். அன்றைய இறக்கம் முடிந்துவிட்டது, காலையில் வா என்றார்கள். முத்துராஜ் போனை எடுத்து முதலாளியிடம் பேசினார். பேசியது அவரில்லை, பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இதே மாதிரிப் போக நினைப்பவர்களுக்கு: டிரைவருக்குப் பணம் கொடுக்காதீர்கள், சரக்கு வண்டியில் கட்டணப் பயணியை ஏற்றுவது குற்றம், மாட்டுவது அவர். சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாம். ஆர்.சி.யில் எத்தனை இருக்கை என்று ஏறும் முன் பாருங்கள். லைசென்ஸை எடுத்து வைத்தால் ஒப்புகைச் சீட்டு கேளுங்கள்; ஆனால் டிரைவரிடம் கேட்டுவிட்டுக் கேளுங்கள், அடுத்த வாரமும் அந்தச் சாலையில் போகப்போவது அவர்தான். தண்ணீர் மூன்று லிட்டர்.

என் அறிக்கையில் சூட்டையும் இரைச்சலையும் எழுதிக் கொடுத்தேன். படுக்கையைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். எங்கள் விலைப்பட்டியலில் அதற்குப் பெயர் ‘கூடுதல் வசதி’. செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் போவது அதுதான்.

அடுத்த வாரம் முத்துராஜுக்குப் போன் செய்தேன். சாவி போய்விட்டது. இடைசெவல் பக்கம் ஒருவரிடம் சின்ன லாரியில் மக்காச்சோளம் ஏற்றி நாமக்கல் போய்க்கொண்டிருந்தார். பழைய வண்டி என்ன ஆனது என்று கேட்டேன்.

“நோட்டீஸ் போச்சுல்லா, சீட்ட புதுசா மாத்திட்டாவ. எங்க மாமன் மவன்தான் ஓட்டுதான். முதுகுக்கு நல்லாருக்காம்.”

இந்த வண்டியில் சீட் எப்படி என்றேன். பரவாயில்லை, போல்ட் எல்லாம் இருக்கிறது என்றார். படுக்கை?

“இதுல ஏது? வண்டிக்குக் கீழதான் விரிச்சிப் படுக்கேன்.”