பெயர்கள் மட்டும் தெரிந்தவன்

உடற்கூறியல் வாத்தியார்கள் தங்கள் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று வெளியே ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்குத் தெரிந்து பாதிப் பேருக்குத் தொப்பை. எனக்கும்தான். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தாம்பரத்திலிருந்து புறநகர் ரயிலில் போய்வரும் தூரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தேன். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு எலும்பும் தசையும் நரம்பும் சொல்லித் தருவேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

என் மனைவி நேர் எதிர். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சர். நிற்கும்போதுகூட ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே நிற்பாள். "செத்தவங்களோடயே இருந்து இருந்து நீங்களும் அசைய மறந்துட்டீங்க" என்று சொல்லி, விடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு மாடம்பாக்கம் ஏரிக்கரைக்கு நடப்பாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த நடையில்தான் நாங்கள் நிறையப் பேசிக்கொண்டோம். மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும் எனக்காகத் திரும்பித் திரும்பி நின்று பேசுவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் காலை, ஏரிக்கரையில் அவளுடைய இடது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவள் வெறுங்காலோடு கொஞ்ச தூரம் போய்விட்ட பிறகுதான் கவனித்தாள்.

"வார் லூஸாயிடுச்சு போல" என்றாள்.

வார் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் உட்காரவைத்து, பாதத்தை மேலே தூக்கிக் காட்டச் சொன்னேன். வலது பாதம் உயர்ந்தது. இடது பாதம் பாதியில் நின்றுவிட்டது.

"போன வாரம் லாங் ஜம்ப் காட்டிக் குடுத்தேன்ல, அதுல பிசகியிருக்கும்" என்று சிரித்தாள்.

பிசகியிருந்தால் வலிக்கும். அவளுக்கு வலி இல்லை. கெண்டைக்காலில் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல ஒரு துடிப்பு, நின்று நின்று ஓடியது. அந்தத் துடிப்பைப் பற்றி நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

நகரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். பரிசோதனைகள் முடிந்து அவர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "உங்களுக்கே தெரியுமே சார்" என்றார்.

திரும்பும் ரயிலில் மத்தியானக் கூட்டம் குறைவு. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பல்லாவரம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. கிளாஸ்ல பசங்களுக்குச் சொல்வீங்கல்ல, அந்த மாதிரி."

சொன்னேன். தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். உத்தரவு வராத தசை மெலிந்து சுருங்கும். கால், கை, பிறகு நாக்கு, தொண்டை. கடைசியில் மூச்சு. தொட்டால் தெரியும், சுட்டால் தெரியும். யோசனையும் மங்காது.

"மருந்து?"

"இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தாம்பரத்தில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அதற்கு முன் அவள் எதையும் பிடித்துக்கொண்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

அவள் சும்மா இருக்கவில்லை. தரையில் பாய் விரித்துப் பயிற்சி செய்தாள். பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் தன் காலுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தாள். செய்யச் செய்யக் கூடுதலாகச் சோர்ந்தாள். கொஞ்ச காலம் பள்ளி மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதிப் பிள்ளைகளை ஓடவிட்டாள். பிறகு உதடு குவியாமல் போனது. விசிலிலிருந்து காற்றுதான் வந்தது. அன்றைக்கே வேலையை விட்டாள்.

ஒவ்வொன்றாகப் போகும்போது என்னிடம் பெயர் கேட்பாள். "இதுக்கு என்ன பேரு?" கட்டைவிரலின் அடியில் மேடாக இருக்கும் சதை வற்றியபோது கேட்டாள். தோள்பட்டை குழிந்தபோது கேட்டாள். நான் லத்தீன் பெயரைச் சொல்வேன். அவள் குழறலாகத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். எல்லாப் பெயரும் எனக்குத் தெரிந்திருந்தது. எது எங்கே தொடங்கி எங்கே போய் ஒட்டுகிறது, எந்த நரம்பு, எந்த ரத்தக்குழாய், எல்லாம். ஒரு தம்ளரை அவள் கையில் நிற்கவைக்க அதில் ஒன்றும் உதவவில்லை.

மாடம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மாள் பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள வந்தார். ஒருநாள் நான் கட்டிலருகே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், இப்படி மூஞ்ச வெச்சிக்கினு குந்தியிருந்தா அக்காவுக்குத்தான் இன்னும் பேஜாரா கீது. போய் ஒரு டீ குடிச்சிட்டு வா சார்" என்று விரட்டினார். மனைவிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பை அடக்கும் கட்டுப்பாடும் போய்விட்டிருந்ததால் வெகுநேரம் சிரித்தாள், அழுகையில் முடிந்தது.

பேச்சு முழுசாகப் போவதற்குமுன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெதுவாக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "என்னை எரிக்க வேணாம். உங்க காலேஜுக்குக் குடுத்துடுங்க."

நான் எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் நான் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரோ பெத்த பிள்ளைங்க உடம்ப வெச்சுத்தானே இத்தனை வருஷம் பாடம் நடத்துனீங்க?"

"அது வேற."

"எப்படி வேற?"

"என் காலேஜ் மட்டும் வேணாம்" என்றேன். அவள் கண்ணை மூடித் திறந்தாள். சரி என்று அர்த்தம்.

ஒரு பங்குனி மத்தியானம், மின்விசிறி ஓடிக்கொண்டிருக்க, அவள் மூச்சு மேலோட்டமாகி நின்றது. உதரவிதானம் நின்றுவிட்டது என்று மனசு பெயர் சொன்னது. அந்த நேரத்திலும் பெயர் சொன்ன மனசை நான் வெறுத்தேன்.

அவளுடைய அண்ணன் வாசலில் நின்று கத்தினார். "மாப்ள, கொள்ளி வைக்காம, கரைக்க ஒரு பிடி சாம்பல்கூட இல்லாம அனுப்புறதா? தெருவுல போற அநாதையா அவ?"

"அவ கேட்டா."

"அவ கேட்டா நீங்க குடுத்துடுவீங்களா?"

அவர் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. நகரின் வடக்குக் கோடியில், எனக்கு யாரையும் தெரியாத ஒரு கல்லூரியிலிருந்து வண்டி வந்தது. அண்ணன் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

கொடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்திருந்தேன். மற்றவர்களுக்கு முடிந்திருக்கலாம். உடம்பைக் கெடாமல் மருந்துத் தொட்டியில் எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எந்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு அறுத்துப் படிக்க எடுப்பார்கள் என்பதுதான் தெரியாது. அதனால் எல்லா வருஷமும் அவளுடைய வருஷம் ஆனது. கல்லூரி திறந்ததும் கையில் தொடங்குவார்கள். மழைக்காலத்தில் மார்பு. பொங்கலை ஒட்டிக் கால். கடைசியில் முகம். நான் என் வகுப்பில் கத்தியைப் பிடித்து, தோலை எங்கே கீற வேண்டும் என்று காட்டும்போதெல்லாம், நகரின் மறுகோடியில் இன்னொரு கத்தி அதே கோட்டில் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்தேன். துறைத்தலைவரிடம் கேட்டு நுண்ணோக்கிப் பாடத்துக்கு மாற்றிக்கொண்டேன். கண்ணாடித் துண்டில் ஒட்டிய செல்களைக் காட்டினால் போதும். அவற்றுக்கு முகம் இல்லை.

நஷ்டம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்று உடன் வேலைசெய்தவர்கள் சொன்னார்கள். நான் பக்குவப்படவில்லை. உடம்பு இன்னும் பருத்தது. சர்க்கரை வந்தது. படியேறினால் நெஞ்சு அடைத்தது.

அவளுடைய திதி வரும்போது எங்கே போவது என்று தெரியாது. ஒரு வருஷம் அவளைக் கொடுத்த அந்தக் கல்லூரிக்கே போனேன். உள்ளே போகவில்லை. எதிரே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வகுப்பு முடிந்து வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் கூட்டமாக ரோட்டைக் கடந்து வந்து, எனக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் தன் முன்கையைத் திருப்பித் திருப்பி, விரலை மடக்கி நீட்டி, தோலுக்கடியில் தசைநாண் இழுபடுவதைத் தோழிக்குக் காட்டினாள்.

"பாரேன், எவ்ளோ அழகா போகுது!" என்றாள்.

தோழி, "பசிக்குதுடி, வடை சொல்லு" என்றாள்.

யாருடைய கையில் பார்த்துக் கற்றுக்கொண்டாய் என்று அந்தப் பெண்ணிடம் கேட்கத் தோன்றியது. அவர்கள் நிற்க இடம் போதவில்லை என்று எழுந்து பெஞ்சைக் கொடுத்துவிட்டு, ஸ்டேஷனுக்கு நடந்தேன்.