வஸ்தாது கொடுத்த துணை

கட்டுக்கதை என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். கோலியனூர் சவுரிராயனுக்கு இது நடந்தது 1938 பங்குனியில், உச்சிவெயிலில், நடு ரோட்டில். அவன் சொல்லக் கேட்டவர்களில் இரண்டு பேர் பாதியிலேயே எழுந்து போய் வாந்தி எடுத்தார்கள். முழுசாகக் கேட்டவர்களில் நானும் ஒருவன்.

சவுரிராயன் விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை ஆலையில், அதாவது வேர்க்கடலை உடைக்கிற ஆலையில், மூட்டை தூக்குகிறவன். அன்றாடக் கூலி. ஆனால் நெடுந்தூர ஓட்டத்தில் அவனுக்கு நல்ல பேர்.

முதலில் ஓடியது திண்டிவனத்திலிருந்து செஞ்சி போய்த் திரும்புகிற பந்தயம். அதற்குத் தயாரிப்பு என்று ஒன்றுமே இல்லை. கேப்பைக் கூழை வயிறு முட்டக் குடித்துவிட்டுப் போய் நின்றான். பாதி வழி குதிரை மாதிரி ஓடினான். மீதி வழி நொண்டினான். ஏழாவதாக வந்தான்.

அடுத்த வருஷம் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, போகவர ஐம்பது மைல். இந்தத் தடவை புத்தி வந்திருந்தது. இரண்டு மாதம் விடியலில் எழுந்து பழகினான். வாரத்தில் ஒரு நாள் நெடுந்தூரம், மற்ற நாளெல்லாம் சின்ன ஓட்டம். மடியில் வெல்லமும் அவித்த மல்லாட்டையும் முடிந்துகொண்டு ஓடினான். தாகம் எடுப்பதற்கு முன்னாலேயே தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கண்டுகொண்டதும் அப்போதுதான். இரண்டாவதாக வந்தான். முதலில் வந்தவன் திண்டிவனத்து இன்னாசிராஜ்.

மூன்றாவது, விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போய்த் திரும்புவது. தூரம் முன்னதைவிடக் கொஞ்சம் குறைச்சல்தான். ஆனால் ஆலை முதலாளியே வைத்த பந்தயம். ஜெயிக்கிறவனுக்கு ஆலையில் நிரந்தர வேலை. இன்னாசிராஜும் வருகிறான் என்று கேள்விப்பட்டதும் சவுரிராயனுக்குச் சோறு இறங்கவில்லை. தனியாகப் பழகினால் மறுபடியும் இரண்டாவதுதான் என்று பட்டது.

அந்தச் சமயத்தில்தான் கண்ணையன் வஸ்தாது தானாகத் தேடி வந்தார். ஒரு காலத்தில் ஓட்டத்தில் பேர் போனவர், ஆட்களுக்கு ஓட்டம் பழக்கியவர். இப்போது எலும்பும் தோலுமாக இருந்தார்.

"இன்னா வேணா தின்னு, எப்ப வேணா ஓடு. பின்னால ஒருத்தன் தொரத்திக்கினு வந்தாத்தான்டா காலு வேகம் புடிக்கும். நான் வர்றேன் பின்னால."

"செரிங்க வஸ்தாது."

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்க. திரும்பிப் பாக்காத."

அன்று சாயங்காலமே முண்டியம்பாக்கம் பக்கம் ஓடினார்கள். சவுரிராயன் முன்னால், கண்ணையன் பின்னால். ஒரு மைல் போனதும் கண்ணையனுக்கு மூச்சு வாங்கியது. அவர் நின்றுவிட்டார். "நீ போ... நிக்காத..." என்று தூரத்தில் குரல் கேட்டது.

காலடிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

சப்... சப்... சப்...

ஈரக் காலால் சாணி மெழுகிய தரையில் நடப்பது மாதிரி. வேறு யாரையோ வஸ்தாது அனுப்பியிருக்கிறார் என்று சவுரிராயன் நினைத்துக்கொண்டான். அதன் பிறகு கண்ணையன் வரவே இல்லை. சத்தம் மட்டும் தினமும் வந்தது. சவுரிராயனுக்கு வேகம் கூடியது உண்மை. கூடவே ஒரு நாற்றமும் வந்தது. தோல் ஷாப்பில் ஊறப்போட்ட மாட்டுத்தோலும், மீன் கழுவிய தண்ணீரும் கலந்த நாற்றம். அது தினம் ஒரு முழம் நெருங்கி வந்தது.

ஒரு நாள் அவன் மனைவி லூர்துமேரி பனியனை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். முதுகுப் பக்கம் மஞ்சளாக ஏதோ ஒட்டி, நூல் நூலாக இழுத்தது.

"இன்னாத்த பூசிக்கினு வர? மூணு வாட்டி தொவச்சிட்டேன். கையெல்லாம் நாறுது."

"வேர்வைதான்."

"வேர்வையா இது? சீ! எறும்புகூட கிட்ட வர மாட்டேங்குது."

அந்த நாற்றம் அவனுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நிரந்தர வேலை. பல்லைக் கடித்துக்கொண்டான்.

பந்தயத்தன்று விடியலில் ஓட விட்டார்கள். திண்டிவனத்தைத் தொட்டுத் திரும்பும்போது சவுரிராயன்தான் முதல். கால் பர்லாங்கு பின்னால் இன்னாசிராஜ். அதுவரை நாற்றமும் இல்லை, சத்தமும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தான்.

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் உச்சிப்பொழுது. கப்பி ரோடு கொதித்தது. தன் நிழல் காலுக்கடியில் சுருண்டு கிடந்தது.

சப்... சப்...

இன்னாசிராஜ் நெருங்கிவிட்டான் என்று பயந்து எட்டிப் போட்டான். சத்தமும் எட்டிப் போட்டது. ஆனால் மூச்சிரைப்பு கேட்கவில்லை. ஓடுகிறவனுக்கு எப்படி மூச்சு இரைக்காமல் இருக்கும்?

நாற்றம் வந்தது. வாயைத் திறந்தால் நாக்கில் ஒட்டியது.

சட்டென்று காலடிச் சத்தம் நின்றது.

தோளில் பாரம்.

சில்லென்று... வழுவழுவென்று... ஒரு கன்னம் அவன் காதோடு ஒட்டியது.

பிடரியில் வழிந்த வேர்வையை எதுவோ நக்கியது.

மெதுவாக... ருசி பார்த்து...

சவுரிராயன் அப்படியே ரோட்டில் மண்டி போட்டான். குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். வெல்லம், மல்லாட்டை, பித்தம்... அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

"இன்னாடா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இன்னாசிராஜ் தாண்டி ஓடினான்.

தோள் லேசானது.

சவுரிராயன் தலையைத் தூக்கிப் பார்த்தான். வெயிலில் இன்னாசிராஜ் ஒருவன்தான் ஓடிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வெறும் ரோடு.

சப்... சப்... சப்...

சத்தம் விக்கிரவாண்டி பக்கமாகத் தேய்ந்து போயிற்று.

கத்திக் கூப்பிட வாயைத் திறந்தான். பித்தம்தான் வந்தது.

இன்னாசிராஜ் ஜெயித்தான். மாலை போட்டு, முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். அவன் சாயாமல் நுனியிலேயே உட்கார்ந்து பிடரியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேலை கிடைத்து விழுப்புரத்துக்கே குடி வந்தான். ஒரு மாதத்தில், வீட்டுக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று கூரை ஓடெல்லாம் பிரித்துப் போட்டுத் தேடினார்களாம். எலி எதுவும் கிடைக்கவில்லை.

அதைக் கேட்ட அன்றே சவுரிராயன் கண்ணையனின் சட்டையைப் பிடித்துக் கேட்பதென்று போனான். வீட்டில் அவர் மனைவி தையல்நாயகி மட்டும் இருந்தாள்.

"அவரு பட்டணம் போயிட்டாருங்க. ஒடம்பு நல்லா தேறிப்போச்சு. நீங்க புண்ணியவான்."

"நான் இன்னா பண்ணேன்?"

"பதினோரு வருசமா குப்புறத்தான் படுப்பாரு. நீங்க மொத நாளு அவரோட ஓடுனீங்களே, அன்னிக்குத்தான் மல்லாந்து படுத்துத் தூங்குனாரு."

"ஏன் குப்புற படுத்தாரு?"

தையல்நாயகி தலையைக் குனிந்துகொண்டாள்.

"மல்லாந்து படுத்தா... முதுகுல இருக்கிற அது நசுங்குதாம். அழுவுதாம்."