மெட்டி பார்த்து வைத்தியம்

கிரிஜாவுக்குப் புண்ணையும் சீழையும் பார்த்து அருவருப்பு வந்ததே இல்லை. கழுவித் துடைத்து மருந்து வைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி, உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுகிறவள். பாளையங்கோட்டைக்காரி. புருஷனுக்குத் தெலுங்குச் சீமையில் மத்திய அரசு ஆலை வேலை. மாதாப்பூரில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த 2007-ல், அங்கே ஒரு தோல், பால்வினை நோய் கிளினிக்கில் நர்ஸாக இருந்தாள். அவளுக்குக் குமட்டியதெல்லாம் அந்தக் கிளினிக்கை நடத்திய டாக்டர் சந்திரசேகரனைப் பார்த்துத்தான்.

அந்த மனுஷனின் கண் முதலில் ஆளின் காலுக்குப் போகும். பட்டான்செரு ஆலைகளிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய ஷிப்ட் தொழிலாளியின் ரப்பர் செருப்பு என்றால், அவன் வாயைத் திறக்கும் முன்னே, "எச்.ஐ.வி.க்கு ரத்தம் எடு" என்பார். சம்மதம் கேட்பதா? அதெல்லாம் எந்த ஊர் வழக்கம்! கழுத்தில் கம்பெனி அட்டையும் காலில் ஷூவும் இருந்தால் களிம்பு, மாத்திரை, ஒரு சிரிப்பு. பெண்ணென்றால் மெட்டி. மெட்டி போட்டிருந்தால் அந்தப் பேச்சே கிடையாது. "குடும்பப் பொண்ணுகிட்டப் போய் அதைக் கேக்கறதா? காறித் துப்பிட்டுப் போயிடுவா" என்பார். அதிலும் தமிழ் பேசிவிட்டால் போச்சு, வைத்தியத்தை விட்டுவிட்டு ஊர் விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்.

ஜெயராம் அப்படித்தான் வந்தான். கோயம்புத்தூர்ப் பையன், கச்சிபௌலியில் சாப்ட்வேர் வேலை. மறைவிடத்தில் புண், அடுத்த மாதம் கல்யாணம்.

"சார், இவர்கிட்ட கேட்டுட்டு இவருக்கும் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்துருவோமா?" என்றாள் கிரிஜா, தனியாகக் கூப்பிட்டு.

"சும்மா இரும்மா. நல்ல குடும்பத்துப் பிள்ளை. ஏதோ வயசுக் கோளாறு."

ஊசி போட்டார். கல்யாணப் பத்திரிகையை வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்கும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு, ரசம் பிரமாதம் என்று திரும்பி வந்து இவளிடமே சொன்னார். த்தூ, சோற்றைத் தின்கிறவன் செய்கிற காரியமா இது?

சில மாதம் கழித்து ஜெயராம் தன் மனைவி பத்மப்ரியாவைக் கூட்டி வந்தான். "நம்ம டாக்டர்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே நான் இவர்கிட்டதான் காட்டுவேன்" என்று பெருமை வேறு. அவளுக்கும் புண். மாத்திரையோடு அனுப்பினார். இரண்டாம் தடவையும் அதே மாத்திரை. "சார்..." என்று கிரிஜா இழுத்தபோது, பத்மப்ரியாவின் காலைக் கண்ணால் காட்டினார்.

மூன்றாம் தடவை பத்மப்ரியா தனியாக வந்தாள். முழுகாமல் இருக்கிறாளாம். டாக்டர் இன்னும் வரவில்லை. கிரிஜா அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தாள். தாய்க்கு இருக்கிறதென்று இப்போதே தெரிந்தால் பிள்ளையையாவது காப்பாற்றலாம். தெரியாமல் போனால் அதுவும் போச்சு.

"இங்க வார எல்லாருக்கும் எச்.ஐ.வி. டெஸ்டும் எடுக்கிறதும்மா. உனக்கும் எடுக்கட்டா? இஷ்டமில்லன்னா வேண்டாம்."

"எல்லார்த்துக்கும் எடுக்கறதுதானுங்களே? அப்பறம் என்னங்க்கா, எடுங்க" என்று கையை நீட்டினாள் அவள்.

துப்பவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. அட கடவுளே, இந்த ஒரு கேள்வியைக் கேட்கவா அந்த மனுஷன் இத்தனை நாள் பயந்து செத்தார்!

இருக்கிறது என்று வந்தது. சரிபார்த்தும் அதேதான் வந்தது.

"யாரைக் கேட்டு எடுத்தே?" என்று குதித்தார் டாக்டர். முடிவைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "வேற எங்கயாவது அனுப்பிடு. நம்ம கிளினிக் பேரு வெளிய வரக் கூடாது."

அந்தப் பெண் என்ன ஆவாள் என்று ஒரு வார்த்தை இல்லை. "அவகிட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் கிரிஜா. அவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இதுவும் ஒரு பிறவி!

கிரிஜாதான் கதவைச் சாத்திவிட்டு, பத்மப்ரியாவின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். பத்மப்ரியா வெகுநேரம் அழுதாள். பிறகு வயிற்றைத் தொட்டுக்கொண்டு, "குழந்தைக்குங்க்கா?" என்றாள்.

"மருந்து இருக்கும்மா. ஒழுங்கா எடுத்துக்கிட்டா பெரும்பாலும் பிள்ளைக்கு வராமத் தடுத்துரலாம். உனக்கும் வைத்தியம் இருக்கு. நாளைக்கு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு நானே கூட வாரேன்."

பத்மப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லார்த்துக்கும் எடுப்போம்னு சொன்னீங்களே. கல்யாணத்துக்கு முன்னாடி அவரு வந்தப்பவும் எடுத்திருப்பீங்க. அப்ப, தெரிஞ்சேதான் என்னைக் கட்டுனாருங்களா?"

கிரிஜாவுக்கு இன்னொரு பொய் வரவில்லை. "இல்லம்மா. அவருக்கு எடுக்கல."

"ஏனுங்க்கா?"

வாயைத் திறந்தால் வாந்திதான் வரும் போலிருந்தது கிரிஜாவுக்கு.