சந்தனத்துக்கு அடியில் ஒரு புள்ளி

சைக்கிள் விற்பது பெரிய வித்தையில்லை. விற்ற சைக்கிளைத் தேடிப் போய், "இதில் ஒரு குறை இருக்கலாம், கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேட்பதுதான் வித்தை. கடையில் நின்று வயிறு வளர்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நல்ல பொருளை விற்றவனை யாரும் நினைவில் வைப்பதில்லை. குறை சொல்ல வந்தவனை யாரும் மறப்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், திருநெல்வேலி ஜங்ஷனில், ஆற்றுப்பாலம் இறங்குகிற பக்கம் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தேன். அந்த வருஷம் வந்த புது மாடல் ஒன்று நன்றாக விற்றது. பிறகு ஒருநாள் கம்பெனி ஆள் வந்தார். முன்சக்கரத்தைக் கவ்வி நிற்கிற ஃபோர்க்கில், இரண்டு காலும் சேருகிற தலைப்பகுதியில் பற்றவைப்பு சரியில்லை, ஓடும்போது விட்டுப்போகலாம் என்றார். எல்லா வண்டியும் அல்ல. தலையில் சின்னதாக ஒரு புள்ளி குத்தியிருந்தால் அது குறையுள்ள ஃபோர்க். அதை இலவசமாக மாற்றிக் கொடுக்க வேண்டும். முதலாளி அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீருதான எல்லாத்தையும் பூட்டிக் குடுத்தீரு. நீரே போயி அவுத்துட்டு வாரும்."

பொட்டு

புது வண்டி கடையை விட்டு இறங்கும்போது சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். ஃபோர்க்கின் தலையில் சந்தனமும் குங்குமமும் வைப்போம். அதன் பிறகு வீட்டுப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் அதே இடத்தில் பொட்டு வைத்து, அது அடுக்கடுக்காகக் காய்ந்து கிடக்கும். அந்தப் புள்ளியும் சரியாக அங்கேயேதான் இருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியும் கையுமாக வீடு வீடாகப் போய்ப் பொட்டை அழிக்கிற வேலை எனக்கு வாய்த்தது.

பெருமாள்புரத்தில் ஒரு அம்மாள் வண்டிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். துணியை அவர் கையிலேயே கொடுத்து, நீங்களே துடையுங்கள் என்றேன். துடைத்தார். புள்ளி இல்லை. உள்ளே போய்ச் சந்தனம் குழைத்து வந்து, முன்னிலும் பெரிதாக ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க வண்டி நல்ல வண்டி. நீரு போயி கெட்ட வண்டியத் தேடும்."

மயிரிழை

பாளையங்கோட்டையில் ஒரு கணக்கு வாத்தியாருடைய வண்டியில் புள்ளி இருந்தது. இலவசம் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. கம்பெனிக்காரன் சும்மா புதுசு தருகிறான் என்றால் பழசில் ஏதோ மதிப்பு இருக்கிறது என்பது அவர் கணக்கு. தரமாட்டேன் என்று அனுப்பிவிட்டார்.

சில நாள் கழித்து வண்டியை உருட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பெயின்டைச் சுரண்டிப் பார்த்திருக்கிறார். ஃபோர்க்கின் கழுத்துக்குக் கீழே கறுப்பாக ஒரு விரிசல் கோடு. அதுவரை எனக்கும் அது கம்பெனி சொன்ன செய்திதான். அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அந்த ஃபோர்க்கைப் பூட்டியபோது என் விரல் அந்த இடத்தின் மேல் போய்த்தான் வந்திருக்கும். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று யோசித்தேன். தெரிந்திருக்க முடியுமா என்றும் யோசித்தேன். வாத்தியார் ஸ்டூலில் உட்கார்ந்து சோடா குடித்தார். "மயிரிழைன்னு ஊருல சொல்லுவாக. இன்னைக்குத்தான்வே அத நேருல பாத்தேன்."

சொல்லாதீங்க

வந்த புது ஃபோர்க்குகள் தீர்ந்துபோன பிறகு ஆறுமுகத்தின் வண்டியைப் பார்த்தேன். ஆறுமுகம் எங்கள் தெருவுக்கு அடுத்த அரிசி மண்டியில் எடை போடுகிறவர். அவர் மனைவி கோமதிக்கு ஜங்ஷனில் ஒரு தையல் கடையில் வேலை. கொக்கிரகுளத்திலிருந்து காலையில் இருவரும் ஒரே வண்டியில் பாலம் ஏறி வருவார்கள். அவள் பின்னால் கேரியரில். பாலத்துச் சரிவில் அவர் மிதிக்காமல் விட்டுவிடுவார். வண்டி பறக்கும். அவள் முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு சிரிப்பாள். எங்கள் கடை வாசலில் நின்றால் தெரியும்.

மண்டி வாசலில் வைத்துப் பொட்டைத் துடைத்தேன். புள்ளி இருந்தது. ஃபோர்க் வருகிறவரை வண்டியைத் தொடாதீர் என்றேன். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என்னை மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப் போனார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துக் கோமதி கர்ப்பமாக இருந்தாள். "இத அவகிட்ட சொல்லாதீங்க அண்ணாச்சி. இத்தன நாளு இதுலயா போனோம்னு நெனச்சே படுத்துருவா. டாக்டர் என்னிய நடக்கச் சொல்லியிருக்காருன்னு சொல்லிருதேன்."

ஒரு முனை குறைகிற சூலம்

அடுத்த பார்சலில் வந்த ஃபோர்க்குகளும் கைக்குக் கை போயின. கடைசியாக மிஞ்சிய ஒன்று, ராதாபுரம் சந்தைக்கு மீன் கொண்டுவருகிற சேவியருக்கு முன்பே வாக்குக் கொடுத்தது. கடற்கரையிலிருந்து கூடை நிறைய மீனோடு மேட்டில் ஏறி வருகிறவர். அவருக்கும் புள்ளி இருந்தது. வாக்கு வாக்குதான். சாக்கில் சுற்றி பஸ் ஏறினேன். மனம் மட்டும் பாலத்துச் சரிவிலேயே நின்றது. இரண்டு பேருக்கு ஒரு ஃபோர்க் என்றால் அதை எதை வைத்து நிறுப்பது?

சாக்குக்கு வெளியே இரண்டு கால்களும் நீட்டிக்கொண்டிருந்தன. வள்ளியூர் தாண்டியதும் கண்டக்டர் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். "சூலம் எந்தக் கோயிலுக்கு அண்ணாச்சி? ஒரு மொனை குறையுதே."

மீன்

சேவியர் பனங்காட்டு வெயிலில் வியர்த்து, கூடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். ஸ்பானரை எடுத்தவன் சும்மா இருக்காமல், ஆறுமுகம் தம்பதி நடந்து போகிற கதையைச் சொல்லிவிட்டேன். எதற்காகச் சொன்னேன்? அவர் விட்டுக்கொடுக்கட்டும் என்றா, அல்லது யாரிடமாவது இறக்கி வைக்க வேண்டும் என்றா? இரண்டும் இருந்திருக்கலாம்.

அவர் கையை உதறிவிட்டு, ஃபோர்க்கைத் திரும்பச் சாக்கில் சுற்றினார். மச்சான் வண்டி இருக்கிறது, அடுத்த பார்சல் வருகிறவரை அதில் வருகிறேன் என்றார். வற்புறுத்தினேன், கேட்கவில்லை. "மீனு ஏற்கெனவே செத்ததுதான அண்ணாச்சி. உசிரோட ஏறுத ஆளுக்கு மொதல்ல மாட்டும்."

திரும்புகிற பஸ்ஸிலும் அதே கண்டக்டர். சாக்கைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "என்ன, சாமி எறங்க மாட்டேன்னுட்டா?"

வெள்ளிக்கிழமை

பஸ்ஸை விட்டு இறங்கி, சாக்கும் தோளுமாகத் தையல் கடையைத் தாண்டுகையில் கோமதி பின்னாலேயே வந்து கூப்பிட்டாள். ஒன்றும் தெரியாத மாதிரி நின்றேன். அவள் நேராகச் சாக்கைப் பார்த்தாள்.

"வந்துட்டா?"

"என்னம்மா வந்துட்டு?"

"வெள்ளிக்கெழம நான் வச்ச பொட்டு, மண்ணெண்ண வாடையோட அழிஞ்சு கெடக்கு. எனக்குத் தெரியாதா? பஜாரே புள்ளி, புள்ளின்னு பேசுது. அவுக என்னடான்னா டாக்டர் நடக்கச் சொன்னாருங்காக. இவுக எந்தக் காலத்துல டாக்டர்கிட்டப் போனாக?"

பயமாக இல்லையா என்று கேட்டேன். முதல் நாள் இருந்தது, அப்புறம் இல்லை என்றாள். தனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்லிவிட வேண்டாம், பாவம், மறைக்க ரொம்பப் பாடுபடுகிறார் என்றாள். போகப் புறப்பட்டவள் திரும்பினாள். "சைக்கிள்ல போனா பேச்சுல பாதி காத்தோட போயிரும் அண்ணாச்சி. இப்பந்தான் கேக்குது. பிள்ளைக்குப் பேரு என்னன்னுலாம் பேசுதாக. ரெண்டு நாளு கழிச்சுப் பைய அந்த ஃபோர்க்க மாட்டுங்களேன்."

பாலம்

எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது. மயிரிழையைப் பார்த்தவன் நான். அன்று சாயங்காலமே ஆறுமுகம் வீட்டுக்குப் போய் மாட்டினேன். கோமதி சந்தனம் குழைத்துப் புது ஃபோர்க்கில் வைத்தாள். அடுத்த பார்சலில் வந்த முதல் ஃபோர்க் சேவியருக்குப் போனது.

ஆறுமுகம் வண்டிக்கு மாட்டிய மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் பாலத்தைத்தான் பார்த்தேன். இருவரும் வந்தார்கள், நடந்து. புது ஃபோர்க் போட்ட வண்டியை அவர் உருட்டிக்கொண்டு வர, அவள் பக்கத்தில் ஒரு கையைக் கேரியரில் வைத்தபடி வந்தாள். நான் பூட்டியதில் நம்பிக்கை இல்லையோ என்று ஒரு கணம் சுருக்கென்றது. அவள் தையல் கடைப்பக்கம் திரும்பியதும் அவரைப் பிடித்து, புது ஃபோர்க்தானே, இன்னும் எதுக்குவே உருட்டுதீரு என்று கேட்டேன். அவர் வெட்கப்பட்டு ஃபோர்க்கின் பொட்டைப் பார்த்தார். "ஃபோர்க் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. நேத்து ஆரம்பிச்ச பேச்சு இன்னும் பாலம் தாண்டல."

கம்பெனி திரும்பப் பெற்றது ஃபோர்க்குகளை மட்டும்தான். அவற்றோடு வந்த பயத்தை ஆளுக்குக் கொஞ்சம் ஒருவருக்கொருவர் தெரியாமல் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டோம், என் பங்கை இன்றுவரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.