ஏரிக்குப் போன சட்டைகள்

படகுக் கிளப்பில் அவள் பெயர் டிரெய்லர் அக்கா. முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். "புள்ளைங்க கத்தும், படகு கத்தாது" என்று சொல்லிக்கொண்டு, ஜீப்பில் டிரெய்லரை மாட்டிப் படகு இழுக்கும் இந்த வேலைக்கு வந்தாள்.

ஆறு சின்னப் பாய்மரப் படகுகளை இரண்டு அடுக்காக ஏற்றுவாள். பாய்களை மடிக்க மாட்டாள், தடம் விழுந்துவிடும், சுருட்டித்தான் வைப்பாள். கழற்றிய பாய்மரங்கள் ஒரே கட்டாக உச்சியில், வெளியே நீட்டும் நுனியில் ஒரு சிவப்புத் துணி. இறுக்கும் பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிவிடுவாள். இல்லாவிட்டால் காற்றில் வழியெல்லாம் ஊளையிடும்.

அன்று காலை ஏரியில் பந்தயம். அவள் கணவனின் அக்கா, அவளுக்கு அண்ணி, ஆபீஸிலிருந்து ஓய்வுபெற்றுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் பொழுது போகவில்லை. "நானும் வரேன்டி" என்று ஜீப்பின் முன் சீட்டில் ஏறிக்கொண்டார்.

பாதி வழியில் ஒரு குறுகலான தெரு. கோடியில் லாரி ஒன்று படுத்துவிட்டது. தெரு முழுக்க ரிவர்ஸிலேயே போயாக வேண்டும். அண்ணி இறங்கி வழிகாட்டினார்.

"வா, வா, வா... லெஃப்ட்ல ஒடி!"

"எந்த லெஃப்ட் அண்ணி? உங்களதா, என்னதா?"

"எல்லாருக்கும் ஒரே லெஃப்ட்தாண்டி!"

ஜன்னலுக்கு ஒரு ஆள் எட்டிப் பார்த்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அவள் யார் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல், ஊசியில் நூல் கோப்பதுபோல் டிரெய்லரை வெளியே எடுத்தாள். தெருவே கைதட்டியது. தலைகால் புரியாத பெருமையில் இரண்டு பேருமே மேலே பார்க்கவில்லை. ஒரு வீட்டுத் துணிக்கொடி, பாய்மர நுனியில் மாட்டி, அறுந்து, கூடவே வந்துவிட்டது.

பெரிய ரோட்டில் போகிற வருகிறவர்கள் எல்லாம் கையாட்டினார்கள். இவர்களும் மகாராணிகள்போல் கையாட்டினார்கள். பனியன் போட்ட ஒரு இளைஞன் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்துக்கொண்டே துரத்தினான்.

"படகுன்னா உசிரு போலிருக்கு, பாவம்" என்று அண்ணி அவனுக்கு இரண்டு கையையும் ஆட்டினார்.

ஏரிக்கரையில் இறங்கித் திரும்பிப் பார்த்தால், மூன்று சட்டை, ஒரு பூப்போட்ட பெட்ஷீட், நாலு ஒற்றைச் சாக்ஸ், எல்லாம் படபடவென்று பறந்துகொண்டிருந்தன.

"என் சட்டை! பத்து மணிக்கு இன்டர்வியூ!" பனியன்காரனுக்கு மூச்சு வாங்கியது.

டிரெய்லர் அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. "மன்னிச்சிடுப்பா, சத்தியமா பாக்கல!" என்று படகின்மேல் ஏறிச் சட்டையை உருவினாள். அண்ணி வாங்கித் தடவிப் பார்த்தார்.

"நல்லா காஞ்சிருக்குப்பா. சுருக்கம்கூட இல்ல."

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. அவள் டிரெய்லர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணி புல்லில் சரிந்தார். முறைத்துக்கொண்டிருந்தவனும் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். மிச்சத் துணியைத் தாங்களே கொண்டுவந்து கொடியையும் கட்டித் தருவதாக அவள் தன் நம்பரைக் கொடுத்து அவனை விரட்டினாள்.

சாயங்காலம் போன் வந்தது. "வேலை கிடைச்சிடுச்சு அக்கா! சட்டையில ஏரி வாசனை வருதுன்னாங்க!"

"என்ன ஆச்சு? யாரு போன்ல?" என்று கேட்டான் அவள் கணவன். அவள் அண்ணியைக் காட்டினாள், அண்ணி அவளைக் காட்டினார். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவே இல்லை. அவன் ஆளுக்கொரு சொம்புத் தண்ணீரை முன்னால் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தான்.